எம்எக்ஸ்-5 பின்சக்கர பிரேக் பேட் மாற்றம்: உள்பக்கம் மட்டும் தேய்ந்தது ஏன்? – ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1999ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின், துணிக்கூரை. இங்கிலாந்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் பழைய வண்டியாக வாங்கியது. ஹிரோஷிமாவில் தயாராகி உலகமெங்கும் போன இந்த இரண்டு இருக்கை வண்டி 2016இல் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. குறைந்த பணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று இங்கே யார் கேட்டாலும் முதலில் வரும் பெயர் இதுதான். பாகங்கள் மலிவு, கைவிட்டு வேலை பார்க்க இடம் இருக்கும், வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டலாம். அதனாலேயே பல கைகள் பட்டு வரும் வண்டியும் இதுதான். யார் எதை எப்படி மாட்டினார்கள் என்பது பிரித்த பிறகுதான் தெரியும்.

புகார் இது: மெதுவாகப் போகும்போது பின்பக்க இடது சக்கரத்தில் இரும்பு உரசும் சத்தம். பிரேக்கை மிதித்தால் சத்தம் மாறுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சக்கரத்தருகே கருகல் வாடை. ஹேண்ட்பிரேக் லீவரை முன்பைவிட உயரமாக இழுக்க வேண்டியிருக்கிறது.

“அண்ணா, சக்கரத்து இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். பேட் பாதிக்கு மேல இருக்கு. அப்புறம் எப்படி உரசும்?” என்று கேட்டார்.

அவர் பார்த்தது சரிதான். ஆனால் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இருபுறமும் ஒவ்வொரு பேட் அழுத்தித்தான் வண்டி நிற்கிறது. சக்கர இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். டிஸ்க்குக்கு அந்தப் பக்கம், பிஸ்டனை ஒட்டி இருக்கும் உள்பக்க பேட்டைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். இந்த வண்டியில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது.

கழற்றுவதற்கு முன் கிடைத்த தடயங்கள்

பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்குகளையும் அளந்தோம். முன்சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடு. பின்பக்க வலதும் அதே அளவில். பின்பக்க இடது மட்டும் மற்றதைப் போல இரு மடங்குக்கு மேல். பிரேக்கை மிதிக்காமலேயே ஒரு சக்கரம் சூடாகிறது என்றால், மிதித்த காலை எடுத்த பிறகும் அங்கே பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாயும். எம்எக்ஸ்-5 முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்த வண்டிதான். ஆனாலும் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே போகும். ஆகவே முன் பேட் முதலில் தீர்வதுதான் வழக்கம். பின் பேட் முந்திக்கொண்டு தீர்ந்தால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் தீர்ந்தால், அதை வயதால் வந்த தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புது பேட்டை மட்டும் போட்டு மூடினால் அதே மூலையில் அதே சத்தம் திரும்ப வரும்.

தூக்கி நிறுத்துவது

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முன்சக்கர வேலை என்றால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியைத் தூக்கலாம். பின்சக்கர பிரேக்கில் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கேலிப்பரே (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) கழன்று வராது. இது பின்சக்கர இழுவை வண்டி. பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் போய்விட்டால் கியரில் போட்டு வைப்பதாலும் பயனில்லை. வண்டியை நகராமல் பிடித்திருப்பது முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகள் மட்டுமே. தரை சமமாக இருக்க வேண்டும். சரிவான வாசலில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

ஜாக்கியைப் பின்பக்க டிஃபரென்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) அடியில் வைத்துத் தூக்கினோம். ஸ்டாண்டுகளை வைப்பதற்கு முன் பக்கவாட்டு விளிம்புகளை விரலால் அழுத்தியும் தட்டியும் பார்த்தோம். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: துணிக்கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்கள் இலை தழையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பக்கப்பெட்டியில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அந்த இடத்தில் ஸ்டாண்டை வைத்தால் தகடு உள்வாங்கிவிடும். இந்த வண்டியில் அந்தப் பகுதி கெட்டியாக இருந்தது. வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தோம். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் இறங்கும்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்வது நல்லது. இதில் நட்டுக்கு 21 மி.மீ. சாக்கெட்.

உள்ளே கண்டது

இடது சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கின் வெளிமுகம் சாதாரணமாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்முகத்தில் வளையம் வளையமாகக் கீறல். உள்பக்க பேட்டை வெர்னியரால் அளந்தோம். ஒரு முனையில் 1 மி.மீ. கூட இல்லை, மறுமுனையில் கிட்டத்தட்ட 3 மி.மீ. அதாவது ஆப்பு வடிவில் சாய்வாகத் தேய்ந்திருந்தது. மெல்லிய முனையில் உராய்வுப் பொருள் தீர்ந்து இரும்புத் தகடே டிஸ்க்கைத் தொடத் தொடங்கியிருந்தது. அதே கேலிப்பரின் வெளிப்பக்க பேட் 6 மி.மீ. வலது சக்கரத்தில் உள், வெளி இரண்டும் 5 மி.மீ.க்கு மேல், முனைக்கு முனை ஒரே அளவு.

இங்கே வருடாந்திர எம்ஓடி சோதனையில் பேட் 1.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் வண்டி தேறாது. அந்த 1.5 சட்டத்துக்கான எல்லை. 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். அதற்கு மேல் மிச்சம் பிடிப்பதில் டிஸ்க்தான் போகும்.

பல பேட்களில் ஒரு சிறு எச்சரிக்கைத் தகடு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். இந்த வண்டியில் முன்பு யாரோ போட்டிருந்த பேட்களில் அந்தத் தகடு இல்லை. அதனால் கீச்சுக் குரல் வராமல் நேரடியாக இரும்புச் சத்தம் வந்துவிட்டது.

இனி, ஏன் இப்படி என்பது. இந்த வண்டியில் இருப்பது மிதக்கும் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே உண்டு. மிதித்ததும் பிஸ்டன் உள்பக்க பேட்டை டிஸ்க்கின் மேல் தள்ளுகிறது. தள்ளிய வேகத்தில் கேலிப்பர் உடல் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பக்க பேட்டை இழுத்து வந்து மறுமுகத்தில் அழுத்துகிறது. அப்படி நகர்வதற்காகத்தான் இரண்டு ஸ்லைடு பின்கள், ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறைக்குள் கிரீஸில் வழுக்கிக்கொண்டு இருக்கின்றன. பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், முறுக்கம் தளர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது.

பின்கள் இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. உள்பக்க பேட் மட்டும் அழுத்தும், வெளிப்பக்கம் பெயருக்குத் தொடும். விட்ட பிறகும் கேலிப்பர் தன் இடத்துக்குத் திரும்பாமல் கோணலாக நிற்கும். உள்பக்க பேட் உரசிக்கொண்டே போகும். இரண்டு பின்னும் இறுகினால் உள்பக்கம் சமமாகத் தீரும். ஒரு பின் மட்டும் இறுகினால் கேலிப்பர் சாய்ந்து, பேட் ஆப்பு வடிவில் தேயும். ஆக, கையில் இருந்த பழைய பேட்டின் வடிவமே ‘ஒரு பின் போயிருக்கிறது’ என்று காட்டிவிட்டது. பழைய பேட்களைக் கழற்றிய கையோடு குப்பையில் போடாமல், எது எந்தப் பக்கம், எந்த முனை மேலே என்று எழுதி வரிசையாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மேல் பின்னை அச்சாக வைத்து மேலே தூக்கினோம். எளிதாகத் திரும்ப வேண்டியது முரண்டு பிடித்தது. கீழ்ப்பின் விரல் பட்டாலே நழுவியது. மேல்பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் பூட்டில் ஓரமாக ஒரு கிழிசல். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் கிழிசல் வழியாக உள்ளே போய் வேலையைக் காட்டியிருந்தது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கேலிப்பரை இழுக்காமல் இடவலமாகத் திருப்பித் திருப்பி மெல்ல மெல்ல வெளியே எடுத்தோம். வெளியே வந்த பின்னில் பாதி தூரம் துரு, மீதியில் வற்றிப்போன வெல்லப்பாகு மாதிரி பழைய கிரீஸ். துரு துடைத்தால் போகிற ரகமாக இல்லை, குழி குழியாக அரித்திருந்தது.

பேட் வாங்குவதில் கவனிக்க வேண்டியவை

இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 என்று மட்டும் சொல்லிப் பேட் வாங்கினால் தவறாக வர வாய்ப்பு உண்டு. எஞ்சின் அளவைப் பொறுத்தும் மாடலைப் பொறுத்தும் டிஸ்க் அளவு மாறும். இந்த 1.8 வண்டியில் முன்பக்கம் 255 மி.மீ., பின்பக்கம் 251 மி.மீ. பிற்கால ஸ்போர்ட் மாடல்கள் சிலவற்றில் இன்னும் பெரிய டிஸ்க். முன்பு வைத்திருந்தவர்கள் பெரிய பிரேக்கை வாங்கி மாட்டியிருக்கவும் கூடும். டிஸ்க்கை அளந்து பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

பழைய பேட் இடது உள்பக்கம் மட்டும்தானே தீர்ந்தது, வலதில் 5 மி.மீ. இருக்கிறதே, இடதுக்கு மட்டும் போதாதா என்ற கேள்வியும் வந்தது. போதாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே பேட், ஒரே வயது இருக்க வேண்டும். பிடிமானம் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதே நேரம் முன் பேட்கள் நான்கும் அளந்ததில் நல்ல கனத்தோடு, உள்ளும் புறமும் சமமாக இருந்தன. அவற்றை மாற்றவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்குப் பந்தய பேட் மேல் ஓர் ஆசை இருக்கும். தம்பிக்கும் இருந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன், காரணங்களோடு. பந்தய பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். காலையில் குளிர்ந்த பிரேக்கோடு முதல் வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் அது உதவாது. டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். எல்லாவற்றையும்விட முக்கியமானது முன்பின் சமநிலை. பின்பக்கத்துக்கு மட்டும் முன்பக்கத்தைவிடக் கடுமையாகப் பிடிக்கும் பேட்டைப் போட்டால், அவசர பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். வெறும் 2265 மி.மீ. சக்கர இடைவெளி கொண்ட, சுமார் ஒரு டன் எடையுள்ள பின்சக்கர இழுவை வண்டி, பின்சக்கரம் பூட்டினால் ஒரு நொடியில் திரும்பிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இந்தத் தலைமுறை வண்டிகள் எல்லாவற்றிலும் கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சாலைக்கு ஓட்டும் வண்டிக்கு, தகட்டின் முதுகில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் அருகே 90ஆர் என்ற குறியும் உள்ள பேட் போதும். ஐரோப்பிய ஒழுங்குமுறை எண் 90இன்படி சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது; அசல் பேட்டின் பிடிமானத்திலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி. பெயர் பெரிதா சிறிதா என்பதைவிட நான் அந்தக் குறியைத்தான் பார்ப்பேன். இம்முறை எச்சரிக்கைத் தகடு உள்ள பேட்டாகவே வாங்கினோம். கூடவே பின்கள், ரப்பர் பூட்டுகள், பேட் உட்காரும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் அடங்கிய செட் ஒன்று.

டிஸ்க்கின் விஷயம்: அதற்கான குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் வயர் பிரஷ் போட்டால் தெரியும். இடது டிஸ்க் அந்த அளவுக்கு மேலேதான் இருந்தது. ஆனால் உள்முகக் கீறல் நகம் மாட்டும் ஆழம். புது பேட்டை அதன் மேல் வைத்தால் பேட் முழுமுகமாகப் படியாது. எனவே டிஸ்க்கையும் ஜோடியாக மாற்றினோம். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுதும் துடைத்துவிட வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் உள்ள துருவையும் சுரண்டிவிட வேண்டும். அங்கே ஒரு துருத்துணுக்கு இருந்தால் டிஸ்க் ஓரத்தில் அது பெரிதாகி, பெடலில் அதிர்வாக வரும்.

பிஸ்டனைத் தள்ளக் கூடாது

தேய்ந்த பேட்டுக்கு ஏற்ப பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புது பேட் கனமானது. பிஸ்டனை உள்ளே அனுப்பாமல் கேலிப்பர் டிஸ்க்கின் மேல் ஏறாது. முன்சக்கரத்தில் இது எளிது: பழைய பேட்டைக் குறுக்கே வைத்து ஜி கிளாம்ப்பால் நிதானமாக இறுக்கினால் பிஸ்டன் உள்ளே போய்விடும்.

பின்சக்கரத்தில் அப்படிச் செய்தால் கேலிப்பர் கெடும். ஹேண்ட்பிரேக் இந்த வண்டியில் தனி டிரம்மில் வேலை செய்வதில்லை. அதே கேலிப்பருக்குள், அதே பிஸ்டனைத் திருகாணி வழியாகத் தள்ளும் அமைப்பு. பிஸ்டனுக்குப் பின்னால் அந்தத் திருகாணி நிற்பதால் கிளாம்ப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பிஸ்டன் போகாது. பலம் கூட்டினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையும்.

வழி கேலிப்பரின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 14 மி.மீ. தலையுள்ள ஒரு மூடி போல்ட். அதைக் கழற்றினால் உள்ளே ஆழத்தில் 4 மி.மீ. ஆலன் கீ உட்காரும் குழி. ஆலன் கீயை இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் மெல்ல உள்ளே போகும், வலஞ்சுழியாகத் திருப்பினால் வெளியே வரும். அவ்வளவுதான். நிறைய பேர் அந்த மூடி போல்ட்டை பிரேக் ஆயில் போகும் வழி என்று நினைத்துத் தொடப் பயப்படுகிறார்கள். அதைக் கழற்றினால் ஆயில் ஒரு சொட்டுகூட வராது. குழிக்குள் அழுக்கு அடைத்திருந்தால் ஊசி முனையால் சுரண்டிவிட்டு, கீ முழு ஆழம் இறங்கியதா என்று பார்த்துத் திருப்ப வேண்டும். மேலோட்டமாக உட்கார்ந்த கீ அந்தக் குழியின் முனைகளை மழுக்கிவிடும்.

பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் மேலே அதன் டப்பாவுக்குத் திரும்பும். டப்பா ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சுற்றிலும் துணி போட்டு வைத்தோம். இவ்வளவு நேரமும் கேலிப்பரைச் சஸ்பென்ஷனில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் பிய்ந்துபோகலாம், வெளியே தெரியாது.

மாட்டுவது

பேட் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும், முகக்கவசத்தோடு. பிரிட்டனில் வெள்ளைக் கல்நார் 1999இல்தான் தடை செய்யப்பட்டது. இந்த வயதுள்ள வண்டியில் முன்பு என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. கல்நார் இல்லாத தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

பேட் உட்காரும் தாங்கியில் பழைய எஃகுத் தகடுகளைப் பெயர்த்தால் அடியில் துரு படிந்து மேடாகியிருக்கும். அந்தத் துரு தகட்டை உள்ளிருந்து உப்ப வைத்து பேட்டின் காதுகளை நெரிக்கும். இதைக் கவனிக்காமல் புது பேட்டைச் சுத்தியால் தட்டி இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டி இறக்க வேண்டிய பேட் தட்டாமல் திரும்பி வராது, அது உரசிக்கொண்டேதான் இருக்கும். அரத்தால் துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்து, புதுத் தகடு வைத்து, பேட்டை விரலால் தள்ளினால் வழுக்கிப் போகும்வரை சரி செய்தோம்.

பின்னுக்கு எந்த கிரீஸ் என்பதில் தயவுசெய்து அக்கறை காட்டுங்கள். கையில் கிடைத்த வண்டி கிரீஸோ, செம்பு கிரீஸோ போடக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த கிரீஸ் பிரேக் ரப்பரை வீங்க வைக்கும். வீங்கிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொள்ளும். ரப்பருக்கு ஒத்துவரும் என்று எழுதியுள்ள சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். துளையை பிரேக் கிளீனரால் பல தடவை கழுவித் துடைத்து, உள்ளே துரு இல்லை என்று உறுதி செய்த பிறகு புதுப் பின்னில் மெல்லிய பூச்சாகத் தடவி உள்ளே விட்டோம். அதிகம் அப்பினால் காற்று அடைபட்டு, பின் மீண்டும் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பூட்டின் உதடு பின்னின் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தோம். முன்பு தண்ணீர் புகுந்த வழி அதுதானே.

வலது பக்கப் பின்களும் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டன. அவை நன்றாகத்தான் இருந்தன, கிரீஸ் மட்டும் காய்ந்திருந்தது.

அடுத்தது ஹேண்ட்பிரேக் சரிசெய்தல். வரிசை முக்கியம்: முதலில் கேலிப்பர், பிறகுதான் கேபிள். லீவர் கீழே, கேபிள் தளர்வாக இருக்க, 4 மி.மீ. ஆலன் கீயை வலஞ்சுழியாகத் திருப்பி, கையால் சுழற்றினால் டிஸ்க் நகராத அளவுக்கு இறுக்க வேண்டும். அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னோக்கி. இப்போது டிஸ்க் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றினால் மூடி போல்ட்டைப் போட்டுவிடலாம். இரண்டு பக்கமும் இப்படிச் செய்த பிறகு பெடலைப் பல முறை மிதித்து, லீவரை இழுத்துப் பார்த்தோம். லீவர் 5 முதல் 7 பல்லுக்குள் (ஒவ்வொரு ‘டக்’ சத்தமும் ஒரு பல்) பிடித்தால் சரி. கேபிளைத் தொடத் தேவையே வரவில்லை. லீவர் உயர வந்தால் பலரும் முதலில் கேபிளை இறுக்குவார்கள். கேலிப்பரில் இருக்கும் இடைவெளியைக் கேபிளால் ஈடுகட்டினால், ஹேண்ட்பிரேக் எப்போதும் லேசாக இழுத்தபடியே நிற்கும். சக்கரம் சூடாவதற்கு அது இன்னொரு காரணம்.

போல்ட்டுகளை அந்த வருட மாடலுக்கான பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். வீல் நட்டுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, வண்டி தரையில் இறங்கிய பிறகு கடைசி முறுக்கு.

வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் பின்னுக்குப் போயிருப்பதால் முதல் சில மிதிகள் வெறுமனே தரைவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வாசல் கேட்டில்தான் நிற்கும். பெடல் கெட்டியானதும் டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டோம். ஆயில் தேநீர் நிறத்துக்குப் போயிருந்ததால் பின்னொரு நாள் டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் தர எல்லையே 155 டிகிரிதான். மலைச்சாலையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

பேட்டைப் பழக்குவது

புது பேட்டும் புது டிஸ்க்கும் முதல் நாளிலேயே முழுப் பிடிமானம் தராது. சூட்டில் பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் முகத்தில் ஒரே சீராக ஏற வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் மணிக்கு சுமார் 50 மைலிலிருந்து 10 மைல் வரை நிதானமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்தோம். பிரேக் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்தி மிதித்தபடியே நின்றால் பேட் இருந்த இடத்தில் மட்டும் படலம் தடிமனாகப் படிந்துவிடும். பின்னால் அது அதிர்வாக உணரப்படும். கடைசிச் சுற்றுக்குப் பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். சூடான டிஸ்க்கில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம்.

மற்ற வண்டிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்?

காரணம் தேடும் முறை எல்லா வண்டிக்கும் பொருந்தும், விவரங்கள் பொருந்தா. உதாரணமாக போர்ஷே பாக்ஸ்டர் 986இல் நகராத கேலிப்பர், இருபுறமும் எதிரெதிர் பிஸ்டன்கள். அதில் ஸ்லைடு பின்னே கிடையாது. அங்கே ஒரு பேட் மட்டும் தேய்ந்தால் பிஸ்டன் இறுகியிருக்கிறதா, பேட் உட்காரும் இடத்தில் துரு உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள புதிய வண்டிகளில் பின் பிஸ்டனை விடுவிக்க முதலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் செய்யாமல் கை வைத்தால் மோட்டார் போய்விடும்.

விளைவு

அதே வழியில் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தபோது பின்பக்க இடதும் வலதும் சில டிகிரி வித்தியாசத்தில் நின்றன. சத்தமும் வாடையும் இல்லை. அடுத்து வந்த எம்ஓடியில் ஹேண்ட்பிரேக், தேவையான 16 சதவீத பிரேக் திறனை நல்ல இடைவெளியோடு தாண்டியது. முந்தைய சான்றிதழில் பின் பிரேக் பற்றி இருந்த எச்சரிக்கைக் குறிப்பு இம்முறை இல்லை.

குளிர்காலம் முடிந்து சாலை உப்பு ஓய்ந்த பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். இடது பக்க உள் பேட்டும் வெளி பேட்டும் ஒரே கனம், முனைக்கு முனை சமம். மேல்பின் விரலால் தள்ளினாலே நகர்ந்தது, பூட் முழுசாக இருந்தது. ஆனால் அதே கேலிப்பரின் பிஸ்டன் தூசி உறையில் மெல்லிய வெடிப்பு தொடங்கியிருக்கிறது. பிஸ்டன் இன்னும் தடையில்லாமல் போய் வருகிறது. அடுத்த குளிர்காலத்துக்கு முன் அந்த உறையை மாற்றுவதா, புதுப்பித்த கேலிப்பர் ஜோடியே வாங்குவதா என்று தம்பி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.